பங்கு அட்டையில் என்ன எழுதுவது

– சாமியார் மேல் வீட்டுக்கு வந்துட்டாரு, பாட்டுச் சத்தம் கேக்குது. அடுத்தது நம்ம வீடுதான். இந்த வருஷமும் நான் கோட்டு மாட்டிக்கிட்டு பஸ் நிறுத்தத்துல போய் உக்காரணுமா, லுட்சினா?

– உன்னை யாரு போகச் சொன்னா? அந்த வெள்ளை விரிப்பை உன் பக்கம் கொஞ்சம் இழு. சிலுவை நடுவுல வரணும்.

– யாரும் சொல்லல. ஒம்பது வருஷமா ஜனவரி வந்தா நானே எழுந்து போறேன். சாமியார் வீடு மந்திரிக்க வர்றப்ப, கோயில்ல உன் குடும்பத்துக்கு வச்சிருக்கற பங்கு அட்டையில நான் வாடகைக்கு இருக்கறவ. அதை என் காதால கேக்க வேணாம்னுதான்.

– சரி, இந்தத் தடவை இரு. வாடகைன்னு சொல்ல மாட்டேன்.

– பின்ன என்ன சொல்லுவ? நேரா சொல்லு.

– அதான் தெரியல. மெழுகுவத்தி எங்க வச்சேன்?

– உன் கையில இருக்கு. லெஸ்பியன்னு ஒரு வார்த்தை இருக்குடி. அதைச் சொன்னதுக்கு இந்த தார்னூவ் ஊர்ல பள்ளிக்கூட வேலையைப் பறிகொடுத்தவ நான். உனக்கு மட்டும் தொண்டையில முள்ளா குத்துது?

– அது உன் சட்டை, போக்னா. நல்ல சட்டைதான். நான் போட்டா கை ரெண்டு சாண் தொங்குது. பத்தொம்பது வருஷம் ஸெனோனோட குடித்தனம் பண்ணினேன். சும்மா பண்ணல. அவர் செத்து ஆறு மாசம் அவர் தலகாணி உறையைத் துவைக்க மனசு வரல. இன்னிக்கு அந்த வார்த்தையைச் சொன்னா, அத்தனை வருஷமும் நாடகம்னு ஆயிடும்.

– அப்ப நான் யாரு? அவர் போனதுக்கு ஆறுதல் பரிசா?

– பாரு, இதுக்குத்தான் நான் வாயே திறக்கறதில்ல.

– பரவாயில்ல, திற.

– ரெண்டு பக்கமும் மனசு போறவங்களுக்குன்னு ஒரு வார்த்தை இருக்காமே, பைசெக்சுவல்னு. நூலகத்துல ஒரு புத்தகத்துல பாத்தேன். முதல்ல மூட்டுவலி மாத்திரை பேரு மாதிரி இருந்துச்சு. நாலு நாளா பாத்திரம் கழுவறப்ப மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். உறுத்தல.

– அந்த ஆளுங்களைப் பத்தி எனக்குத் தெரியும். வார்சாவுல எங்க லெஸ்பியன் சங்கத்துல நாங்க யாரும் அவங்களை நம்ப மாட்டோம். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால். ஒரு நாள் ஏதாவது ஆம்பளை கூட எழுந்து போயிடுவாங்க.

– எனக்கு அம்பத்தாறு வயசு. மூணு மாடி ஏறினா முழங்கால் அழுவுது. நான் இனிமே ஆம்பளை தேடி எங்க போவேன், மீன் கடைக்கா?

– சிரிக்க வைக்காத.

– நான் சிரிக்கல. அலுத்துப் போச்சு, போக்னா. உன்னை விட்டுட்டுப் போக ஒரு வார்த்தை தேடல. உன் பக்கத்துல நிக்கறதுக்குத்தான் தேடறேன்.

– சொன்னா உன்னைக் கோயில் பாடகர் குழுவுல வச்சுக்குவாங்களா? இருபத்தாறு வருஷமா பாடுற இடம்.

– மாட்டாங்க. போய்க் கதவைத் திற, தட்டறாங்க.

– இயேசுவுக்கே புகழ்.

– என்றென்றைக்கும், ஃபாதர். உள்ள வாங்க. புதுசா வந்திருக்கீங்க போல. போன வருஷம் வேற ஒருத்தர் வந்தாரு.

– ஆமாங்க. இன்னிக்கு இது பதினேழாவது வீடு, கொஞ்சம் உக்காந்துக்கறேன். முதல்ல அட்டையைச் சரிபாத்துடலாமா? லுட்சினா, விதவை, பாடகர் குழு. போக்னா, வாடகைக்கு இருக்கறவங்க. மாத்தம் ஏதாவது உண்டா?

– உண்டு. வாடகையை அடிச்சிடுங்க. அவ என்கூட வாழறவ. ஸெனோன் என் புருஷன், அது அப்படியே இருக்கட்டும். ரெண்டும் நிஜம். நான் பைசெக்சுவல், ஃபாதர்.

– அம்மா, அதுக்கு இந்த அட்டையில கட்டம் இல்லீங்க.

– கீழ குறிப்புன்னு ஒண்ணு இருக்குமே.

– இருக்கு. எழுதினா பங்குச் சாமியார் படிப்பாரு. அப்புறம் ஞாயித்துக்கிழமை நீங்க பாட முடியாது. பூசையில நற்கருணை அப்பமும் கிடைக்காது. யோசிச்சுத்தான் சொல்றீங்களா?

– யோசிச்சு யோசிச்சு ஓஞ்சுட்டேன். எழுதுங்க.

– எழுதிட்டேன். ஒரே வார்த்தைதான், குறிப்புல இடம் பத்தல. போக்னா அம்மா, உங்க பேருக்கு நேரா என்ன போடட்டும்?

– அவளுக்கு லெஸ்பியன்னு போடுங்க, ஃபாதர். முப்பது வருஷமா சொல்றா, ஊருக்கே தெரியும்.

– இல்ல, லுட்சினா. ஃபாதர், அவளுக்கு என்ன வார்த்தை எழுதினீங்களோ, அதையே எனக்கும் எழுதுங்க. நானும் அதுதான். அதைச் சொல்ல எனக்குத்தான் இத்தனை வருஷமா தைரியம் வரல.