தாத்தா மூழ்கடிக்காத நீர்மூழ்கி

பெயர் பாண்டிதுரை, வயது 58, த/பெ. மாரிச்சாமி, வன்னியம்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம். கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி வெங்கடேஸ்வரி. ஒரே மகள் காளீஸ்வரி, இராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசில் வேலை பார்க்கிறாள்.

என் தாத்தா மொக்கைச்சாமி சரக்குக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர். 1943-ல் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று ஏவிய டார்பிடோவில் கப்பல் மூழ்கி இறந்துபோனார். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த நீர்மூழ்கியின் வரலாற்றை இன்டர்நெட்டில் தேடிப் படித்தேன். அது ஹாம்பர்க்கில் கட்டப்பட்டு, நான்கு முறை போருக்குப் புறப்பட்டு, ஐந்து கப்பல்களை மூழ்கடித்து, கடைசிவரை யாரிடமும் அடிபடாமல், போர் முடிந்ததும் சரணடைந்தது. அதன் பிறகு பிரிட்டிஷ்காரர்களே அதை இழுத்துப்போய்க் கடலில் அமிழ்த்தினார்கள். இதை மகளுக்கும் படித்துக் காட்டியிருக்கிறேன்.

இப்படியிருக்க, உறவினர்கள் தாத்தாவுக்கு நினைவுக்கல் வைத்தபோது, அந்த நீர்மூழ்கியை மூழ்கடித்து வீரமரணம் அடைந்தார் என்று வாசகம் சொல்லிக் கொடுத்தது நான்தான். கரி அள்ளினார் என்று கல்லில் வெட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது.

கடந்த ஞாயிறு காலை கல் திறப்பு. தன் மகனுக்கு என் மகளைப் பெண் கேட்டிருந்த தேவதானத்து வேலுசாமியும் குடும்பத்தோடு வந்திருந்தார். நான் மைக்கில் பேசி முடித்த பிறகு அவர், "அவிய எப்படி அதை முக்குனாவ?" என்று ஆசையாகக் கேட்டார். தாத்தா பீரங்கியால் சுட்டார் என்று சொன்னேன். அதன் பிறகு மகள் என் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான், "வேண்டாம்ப்பா. பூட்டன் கரி அள்ளிக்கிட்டு இருக்கையிலேயே செத்துட்டாருன்னு நீங்கதான அன்னைக்கு அழுதீய" என்றாள். மைக் அணைக்காமல் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. யாரோ சிரித்தார்கள். "ஏட்டி, வாய மூடு" என்று சொல்லி நான் அவள் கன்னத்தில் அறைந்தேன். அதில் அவள் நிலைதவறி நினைவுக்கல்லின் பீடத்தில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. விழுந்தவள் அழவில்லை. ஒரு கையால் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் விசாரிக்க வந்த ஏட்டையாவிடம், "நானாத்தான் வழுக்கி விழுந்தேன். அப்பாதான் தூக்குனாவ" என்று சொன்னாள். தூக்கியது என் மனைவி. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இன்று காலை வேலுசாமி போன் செய்தார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்துத்தான் எடுத்தேன். "ஏட்டையாகிட்ட அவ சொன்னதைக் கேள்விப்பட்டேன். அப்பனை விட்டுக்குடுக்காத பிள்ளை. இவதான் எங்க வீட்டுக்கு வேணும்" என்றார். அதன் பிறகு எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. யாரும் கூப்பிடாமல் நானே போலீஸ் நிலையத்துக்கு வந்தேன்.

என் மகள் வழுக்கி விழவில்லை, நான் அடித்ததில் விழுந்தாள். அவள் பொய் சொன்னாள் என்று மட்டும் எழுத வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) மா. பாண்டிதுரை