தேரைநிறப் பட்டு

எனக்கு டீ வேண்டாம் சார், சர்க்கரை இருக்கிறது. நீங்கள் குடியுங்கள், வனத்துறை என்றாலே அலைச்சல்.

என் பெயர் தணிகாசலம். ஆரணியில் பட்டுச்சேலைக் கடை. 'மேகக்காட்டுத் தேரை பாதுகாப்புப் பேரவை'க்கு நிறுவனர், தலைவர், பொருளாளர் எல்லாம் நான்தான். மலை உச்சியில், மேகம் தரையில் வந்து உட்காரும் ஒரே ஓடையில் மட்டும் அந்தத் தேரை மிச்சமிருப்பதாகக் கேள்விப்பட்ட அன்றே பேரவையைத் தொடங்கிவிட்டேன். யாராவது ஒருவர் கவலைப்பட வேண்டாமா?

அதன் வயிற்றுச் செம்பொன் நிறத்தில் ஒரு சேலை, விழிப்புணர்வுக்காக. வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழே அடித்தாகிவிட்டது. போட்டோவோடு சாயப்பட்டறை மைக்கேல்ராஜிடம் போனேன்.

"இன்னாங்க முதலாளி, செல்லுல ஒரு கலரு, வெயில்ல ஒரு கலரு. அப்பால வந்து பேஜார் பண்ணுவீங்க. சாம்பிள கைல குடுங்க."

நியாயம்தானே. மலைக்குப் போய், ஈரத்துண்டு விரித்த டிபன் கேரியரில் ஒன்றைக் கொண்டுவந்தேன். மூச்சுவிட மூடியில் ஓட்டை போட்டதும் நானே. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டறை வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. எந்தச் சாம்பிள் வந்தாலும் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, சாயம் போகிறதா என்று பார்த்துவிடுவார்கள். மைக்கேல்ராஜ் தயங்கினார்.

"இது மூச்சு வுட்டுகினு கீதுங்க."

"பட்டுப்புழு மட்டும் இன்னா, மூச்ச புடிச்சிகினா இருந்துச்சி?" என்றேன்.

அவர் கையைக் கட்டிக்கொண்டார். முக்கியது நான். சாயம் போகவில்லை.

இனி பாதுகாப்பு விஷயம். ஆரணியில் ஒரு நல்ல நிறம் வெளியே வந்தால், அடுத்த வாரமே பவர்லூமில் நெய்து பாதி விலைக்குத் தொங்கவிடுவார்கள். எதிர்க்கடை ராஜேஷ் சாம்பிளுக்காக மலைக்கு வண்டி பேசுவதாகக் காதில் விழுந்தது. முந்திக்கொண்டு போய் ஓடையை முழுக்கத் துழாவினேன். பெரியது, பொடிசு, முட்டைச் சரம், ஒன்றையும் விடவில்லை.

"அத்தினியும் நம்ம வூட்டு அண்டாவுலயாங்க?" என்றாள் என் மனைவி அபிதகுசாம்பாள்.

வேறு எதில் கொள்ளும்? அவள் அடுப்படியைவிட்டு வெளியே போய்விட்டாள். தண்ணீர் கொதித்ததும் எல்லாவற்றையும் நானே உள்ளே கொட்டினேன். அவ்வளவுதான்.

என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ராஜேஷ் கையில் சிக்கியிருந்தால் அந்த இனம் என்ன கதிக்கு ஆளாகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். இனி அந்தத் தேரைமேல் எவனும் கைவைக்க முடியாது. உங்கள் இலாகாவால் இத்தனை வருஷத்தில் இதைச் செய்ய முடிந்ததா, சார்?