ஃபெபிக்கு நான் சொன்ன பதில்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது, எது பூட்டிக் கிடக்கும், எதில் தண்ணீர் வரும் என்று என்னைக் கேளுங்கள் சார், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். மெட்ரோ வேலைக்குத் தகரத் தடுப்பு வைத்ததில் இரண்டு மூன்று போய்விட்டன. ரயில் எப்போது ஓடும் என்று ஊரெல்லாம் பேசியது. ஸ்டேஷனில் கழிப்பறை எந்தப் பக்கம் வரும் என்பதுதான் என் கவலை.

கிரோன் நோய் என்று டாக்டர் சொன்னபோது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கியர் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். குடலில் புண், நம் உடம்பே நம் குடலோடு சண்டை போடுகிறது, முழுதாகத் தீராது, ஆனால் மருந்தால் அடக்கி வைக்கலாம் என்றார். பொறுமையாகத்தான் சொன்னார். என் காதில் 'தீராது' மட்டும்தான் விழுந்தது. வீட்டுக்கு வந்து குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் மனைவி ஸ்வீட்லின் வெளியே நின்று, "தண்ணி வீணாப் போவுதுங்க" என்றாள்.

நெஞ்சில் கோளாறு என்றால் ஊரே ஹார்லிக்ஸோடு பார்க்க வரும். வயிற்றில் கோளாறு என்றால் ஊருக்குச் சிரிப்பு. "இன்னா மாமே, உள்ளயே குடித்தனம் வச்சிகினியா?" என்று கம்பெனியில் கதவைத் தட்டுவார்கள். நானும் உள்ளிருந்தபடியே சிரிப்பேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரப் பயம், உட்காராவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்று பயம். வெளியே போக முடியவில்லை, வீட்டில் இருக்கவும் பிடிக்கவில்லை. நோயின் பெயரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

மருந்து வேலை செய்தது. எடை ஏறியது. எங்கள் சபையில் ஆராதனை முடிவில் சாட்சி சொல்வது வழக்கம். கடவுள் தனக்குச் செய்ததை எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். பாஸ்டர் ஜெயபால் என்னை அழைத்தார். "டாக்டரையும் மருந்தையும் சேர்த்துச் சொல்லு ரிச்சர்ட். அதுவும் கர்த்தர் குடுத்ததுதான்" என்று முன்னாலேயே காதோடு சொன்னார். நல்ல மனிதர். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

மைக்கைப் பிடித்து நோயின் பெயரைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அது எப்படி இருந்தது என்று உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை சார். அடுத்து மருந்தைப் பற்றித்தான் சொல்லியிருக்க வேண்டும். "மாத்திரையெல்லாம் விட்டுட்டேன், பூரண சுகம்" என்றேன். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. கம்பெனியில் கதவைத் தட்டிச் சிரித்தவர்களில் ஒருவன், அவனும் எங்கள் சபைதான், வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

பிறகு திருமுல்லைவாயல், அயப்பாக்கம், திருவேற்காடு என்று வீட்டுக் கூட்டங்களுக்கு அழைத்தார்கள். மாத்திரையை நான் விடவில்லை. சத்து மாத்திரை டப்பாவில் மாற்றிப் போட்டு வைத்துக்கொண்டேன். இதைப் பொய் என்று சொல்ல முடியாது. என்றைக்கோ நடக்கப்போவதைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஃபெபியை அப்படி ஒரு கூட்டத்தில்தான் பார்த்தேன். ஆவடியில் நர்சரி பள்ளி டீச்சர். பெற்றோர் இல்லை, தம்பி பிராங்க் மட்டும். எனக்கு வந்த அதே நோய், அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள். அவள் காட்டியதும் என் டாக்டரிடம்தான். "அண்ணா, கிளாஸ் நடுவுல எழுந்து ஓடுறேன். குழந்தைங்க சிரிக்குதுங்க. செத்துடலாம்னு இருக்கு. நீங்க நெஜமாவே மாத்திரைய நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டாள். அவள் அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. "ஆமாம்மா" என்றேன்.

அவளும் நிறுத்திவிட்டாள். கொஞ்ச காலம் நன்றாகவே இருந்தாள். வருகிற ஞாயிறு நானும் சாட்சி சொல்லப்போகிறேன் அண்ணா என்று சந்தோஷமாகச் சொன்னாள். அந்த வாரமே ஃபோன் வந்தது. காய்ச்சல் அடிக்கிறது, ரத்தம் போகிறது, மறுபடி டாக்டரிடம் போனால் விசுவாசம் இல்லாதவள் ஆகிவிடுவேனா என்று கேட்டாள். உடனே அவள் வீட்டுக்குப் போனேன். போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வாசலிலேயே பிராங்க் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாத்தே, வவுறு கல்லு மாதிரி கீது. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. நீ ஒரு வார்த்தை சொல்லு, ஆட்டோ வெளியதான் நிக்குது."

வயிறு கல்லானால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். காய்ச்சலோடு வயிறு இறுகினால் ஒரு நிமிடமும் வீட்டில் இருக்கக் கூடாது, குடல் ஓட்டையாகியிருக்கும் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். ஆனால் நீங்களும் யோசியுங்கள். அவள் போனால் என் டாக்டரிடம்தான் போவாள். கவுண்டரில் இருக்கும் பெண் மாதாமாதம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மாத்திரை தருகிறவள். ரிச்சர்ட் அண்ணன் நிறுத்திவிட்டாரே என்று ஃபெபி ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மறுபடி அந்தக் கதவுக்குப் பின்னால் போக வேண்டும். அது என்னால் முடியாது சார்.

அவள் கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டேன். ஜெபித்தேன். அவள் கண்ணைத் திறந்து, "போகவாண்ணா?" என்று கேட்டாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோம்மா" என்றேன். சரி என்று தலையாட்டினாள். அவ்வளவு வலியிலும் என்னை நம்பினாள். ஆட்டோவைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். மறுநாள் நினைவு தப்பிய பிறகுதான் பிராங்க் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். ஆபரேஷன் மேஜையிலேயே போய்விட்டாள்.

வேண்டுமென்றே சாகவிட்டாயா என்று கேட்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் செத்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போகவிடாமல் செய்தேன். அதை மறைக்கவில்லை. ஆனால் அவள் போனதில் என்னைவிட யாருக்கும் துக்கம் அதிகமில்லை. போன வாரம் திருவேற்காட்டுக் கூட்டத்தில் அவளைப் பற்றித்தான் பேசினேன். தங்கமான பெண், கடைசி நேரத்தில் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள், ஞாயிறு வரை பொறுத்திருந்தால் இன்று நம்மோடு இருந்திருப்பாள் என்றேன். எல்லோரும் அழுதார்கள். அதே நோயோடு வந்திருந்த ஒரு பையன் என்னிடம் ஜெபிக்கச் சொன்னான். நான் கெட்டவனாக இருந்தால் என்னைத் தேடி வருவானா சார்?