ஒரே கப்பல், இரண்டு மெஷின்

கேத்தரின்: ரெண்டுலயும் ஒரே கப்பல்தானே வரைஞ்சிருக்கு? அப்புறம் எதுக்கு ரெண்டு மெஷின்?

ஆம்ப்ரோஸ்: கப்பல் வேற வேற. கதைதான் ஒண்ணு. புயல்ல மாட்டின கப்பலக் கரை சேக்கணும். இது பழசு, நம்ம கல்யாணத்துக்கும் முன்னாடி செஞ்சது. அது இப்போ வந்தது. பின்பால்னு சொல்ற இந்தப் பந்தாட்டத்த ஆடறவங்க ரெண்டையும் ஆடிப் பாத்துட்டு சண்டை போடட்டும்னு வேணும்னே பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கான், இந்த கேம் கடைக்காரன்.

கேத்தரின்: நீங்க எந்தப் பக்கம்?

ஆம்ப்ரோஸ்: நான் பழசு. மேல கண்ணாடியில இருக்கற படத்தப் பாரு. பாய் கிழிஞ்சு தொங்குது, ஒருத்தன் கயித்தப் புடிச்சுட்டு நிக்கறான். பாயிண்ட் ஏறினா நம்பர் சக்கரம் சுத்தும், உள்ள நிஜமாவே மணி அடிக்கும். புதுசுல டிவி வெச்சிட்டான். அதுல ஒரு கேப்டன் வந்து ஓயாம இங்கிலீஷ்ல திட்டுவான்.

கேத்தரின்: உங்க தங்கச்சி பியாட்ரிஸ் மாதிரி.

ஆம்ப்ரோஸ்: அவளாவது நடுவுல மூச்சு விடுவா.

கேத்தரின்: இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க... ரொம்ப நாளா வரீங்களா?

ஆம்ப்ரோஸ்: சே... இன்னிக்குத்தான். ஸ்கூல் லீவு. வேன் எடுக்க வேணாம்னுட்டாங்க.

கேத்தரின்: காலையில டிபன் டப்பா எடுத்துட்டுதானே கிளம்பினீங்க?

ஆம்ப்ரோஸ்: அங்க போன அப்புறம்தான் சொன்னாங்க. அது இருக்கட்டும்... நீ எங்க மாலுக்கு? உனக்கு எஸ்கலேட்டர்னாலே ஆகாதே.

கேத்தரின்: குக்கருக்கு கேஸ்கெட் வாங்கலாம்னு...

ஆம்ப்ரோஸ்: நம்ம லிங்கராஜபுரத்துல கிடைக்காத கேஸ்கெட்டு?

கேத்தரின்: சரி விடுங்க. ஆடிக் காட்டுங்க, பாப்போம்.

ஆம்ப்ரோஸ்: உனக்கு எதுக்கு இதெல்லாம்...

கேத்தரின்: இவ்வளவு தூரம் வந்துட்டேன் இல்ல. எதால அடிக்கறது?

ஆம்ப்ரோஸ்: இந்த ஸ்பிரிங்க இழுத்து விட்டா பந்து மேல போகும். திரும்பி உருண்டு வரும்போது ரெண்டு பக்கமும் இருக்கற பட்டனத் தட்டணும். கீழ கட்டை ரெண்டு இருக்கு பாரு, அது பந்தத் தூக்கி அடிக்கும்.

கேத்தரின்: நடுவுல அந்தச் சந்துல விழுந்துட்டா?

ஆம்ப்ரோஸ்: போனது போனதுதான். புதுசு அப்படி இல்ல. ஆரம்பத்துலயே விழுந்துட்டா, பாவம் போன்னு திருப்பிக் குடுத்துடும். பழசுக்குப் பாவ புண்ணியம் கிடையாது.

கேத்தரின்: வருது வருது... அந்தப் பக்கம்...

ஆம்ப்ரோஸ்: நீ பேசாம இரு, நான் பாத்துக்கறேன்...

கேத்தரின்: என்னாச்சு? லைட்டெல்லாம் அணைஞ்சிடுச்சு. கட்டையும் அசையல.

ஆம்ப்ரோஸ்: டில்ட். உள்ள கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி ஒண்ணு தொங்குது. அதச் சுத்தி ஒரு வளையம். மெஷின ஆட்டினா குண்டு வளையத்துல படும், பட்டா ஆட்டம் முடிஞ்சது.

கேத்தரின்: நீங்கதான் ஆட்டலையே.

ஆம்ப்ரோஸ்: ஆட்டல... தரை கொஞ்சம் சரிவு.

கேத்தரின்: உங்க வலது கை பக்கத்துப் பலகையில மோதிட்டே இருந்துச்சு.

ஆம்ப்ரோஸ்: இது ரொம்ப ரோஷக்கார மெஷின், கேத்தி. லேசாப் பட்டாலும் கோவிச்சுக்கும். வா, புதுசுல காட்டறேன். அது ரெண்டு தடவ எச்சரிக்கும். ‘டேஞ்சர்’னு திரையில எழுத்து வரும். அதுக்கப்புறமும் ஆட்டினாத்தான் அணைக்கும்.

கேத்தரின்: அது நல்லதுதானே. முன்னாடியே சொன்னா சுதாரிச்சுக்கலாம்.

ஆம்ப்ரோஸ்: சுதாரிக்க முடிஞ்சவனுக்கு நல்லது.

கேத்தரின்: சரி, ஆடுங்க.

ஆம்ப்ரோஸ்: பாரு, இதுல கப்பலே அலையில ஏறி இறங்கும். மூணு பந்து ஒரே நேரத்துல வரும். கண்ணு பத்தாது.

கேத்தரின்: ‘டேஞ்சர்’னு வந்துடுச்சு.

ஆம்ப்ரோஸ்: தெரியுது.

கேத்தரின்: மறுபடியும் வருது. போதும்ங்க.

ஆம்ப்ரோஸ்: இரு, அந்தப் பந்த மட்டும்...

கேத்தரின்: போதும். விடுங்க. கைய இங்க குடுங்க.

ஆம்ப்ரோஸ்: நாலு பேர் பாக்கறாங்க.

கேத்தரின்: பாக்கட்டும். முப்பது வருஷமா பிடிக்கற கைதானே.

ஆம்ப்ரோஸ்: ஏசி அதிகம் இங்க. அதான்...

கேத்தரின்: வீட்டுல எந்த ஏசி இருக்கு? தவக்காலத்துலேருந்து உங்களுக்கு அரை டம்ளர் காபிதான் ஊத்தறேன். ஏன்னு கேட்டீங்களா?

ஆம்ப்ரோஸ்: பால் விலை ஏறிடுச்சுன்னு நெனச்சேன்.

கேத்தரின்: முழுசா ஊத்தினா தளும்பி வேட்டியில கொட்டுது. உங்களுக்குத் தெரியாம சட்டை பட்டன் ஓட்டையெல்லாம் கத்தரியால கொஞ்சம் பெருசாக்கி வெச்சிருக்கேன். அப்பவும் மாட்ட அவ்வளவு நேரம் ஆகுது. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்.

ஆம்ப்ரோஸ்: சரி வா, உன் கேஸ்கெட்ட வாங்கிட்டுக் கிளம்பலாம்.

கேத்தரின்: நான் கேஸ்கெட் வாங்க வரல. பியாட்ரிஸ்தான் உங்கள இங்க ரெண்டு மூணு தடவ பாத்துட்டு போன் பண்ணா.

ஆம்ப்ரோஸ்: அவளால ஒண்ண மனசுல வெச்சுக்க முடியாது.

கேத்தரின்: அவ சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். வேன் நம்ம தெரு வழியாதானே போகுது. டிரைவர் சீட்டுல உங்க கூட்டாளி ரெமிஜியஸ் உக்காந்திருந்தான். என்னப் பாத்ததும் மூஞ்சத் திருப்பிக்கிட்டான்.

ஆம்ப்ரோஸ்: அவன ஒண்ணும் கேக்கலையே நீ?

கேத்தரின்: கேக்காம? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு எல்லாரும் நிக்கறப்போவே கேட்டேன். கூடவே இருந்து என் புருஷன் கை நடுங்குதுன்னு ஸ்கூல்ல போட்டுக் குடுத்தியே, அந்த சீட்டு உனக்கு சுகமா இருக்கான்னு. அவன் பொண்டாட்டி அழுதுட்டா.

ஆம்ப்ரோஸ்: அவன் என்ன சொன்னான்?

கேத்தரின்: என்ன சொல்லுவான்? தலையக் குனிஞ்சுட்டு நின்னான். தப்பு பண்ணவன் வேற எப்படி நிப்பான்? இனிமே அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்.

ஆம்ப்ரோஸ்: வா, கிளம்பலாம். முதல்ல அவன் வீட்டுக்குப் போகணும்.

கேத்தரின்: எதுக்கு? உங்க பொழப்பப் பறிச்சவன் அவன்.

ஆம்ப்ரோஸ்: அவன் ஒண்ணும் பறிக்கல, கேத்தி. ஸ்கூல்ல போய்ச் சொன்னது நான்தான். ஹெண்ணூர் ரோட்டுல திரும்பறப்போ கை உதறிடுச்சு. ஸ்டியரிங் என் பேச்சக் கேக்கல. வேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா அலைஞ்சு, ஸ்கூட்டர்ல வந்த ஒருத்தன் பயந்து ஓரத்துல விழுந்துட்டான். அவனுக்கு ஒண்ணும் ஆகல... எழுந்து என்னைத் திட்டினான், திட்டட்டும். ஸ்கூல் போய்ச் சேந்ததும் நேரா ஆபீசுக்குப் போய் சாவிய மேஜை மேல வெச்சுட்டேன். ரெமிஜியஸ் ஓட்ட மாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் கெஞ்சினேன். கேத்தரின்கிட்ட மூச்சு விடாதேன்னு சத்தியமும் வாங்கினேன். நீ அவ்வளவு பேர் முன்னாடி பேசியும் அவன் வாயத் தொறக்கல பாரு... உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? வேன் அலைஞ்சப்போ நான் வேணும்னே ஆட்டறேன்னு நெனச்சு, பின்னாடி எல்லாக் குழந்தைங்களும் கை தட்டுச்சுங்க. இறங்கறப்போ அந்த எல்கேஜி பொண்ணு என் சட்டையப் புடிச்சு இழுத்து, ‘நாளைக்கும் அதே மாதிரி ஆட்டுங்க, அங்கிள்’னு சொல்லிட்டுப் போச்சு.