கன்னியம்மாளின் ஈயச்சொம்பு

ரசத்தின் ருசி பெருங்காயத்தில் இருக்கிறது என்று சிலர் சொல்லுவார்கள். நம்பாதீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. ருசி பாத்திரத்தில் இருக்கிறது. வெள்ளீயத்தில் அடித்த சொம்பில் வைத்தால்தான் அது ரசம். மற்றதில் வைத்தால் புளித்தண்ணீர். நீங்களும் சொம்பைப் பற்றிக் கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள். உங்கள் ரைட்டர் நிதானமாகவே எழுதட்டும். என் அடுப்பில் இப்போது ஒன்றும் இல்லை.

அம்பத்தூரில் எங்கள் தெருவில் கல்யாணமோ காதுகுத்தோ, எது நடந்தாலும் ரசத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். சாமுண்டி ரசம் என்றே அதற்குப் பெயர். என் வீட்டுக்காரர் வீரராகவன் பெரம்பூர் ரயில் பட்டறையில் பிட்டர். ராத்திரி என் ரசத்தை ஒரு டம்ளர் தனியாகக் குடித்துவிட்டுத்தான் படுப்பார்.

அப்படி இருக்கையில்தான் அடுத்த வீட்டுக்குக் கன்னியம்மாள் மருமகளாக வந்தாள். மாமியார் வெள்ளானூரில் மூத்த மகனோடு இருந்ததால் இங்கே அவள்தான் ராணி. அவள் புருஷன் மணவாளனுக்கு மவுண்ட் ரோட்டில் சீமைச் சாமான் கடையில் வேலை. கப்பலில் எது வந்து இறங்கினாலும் அது முதலில் இவள் சமையலறையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பகல் சாப்பாடு முடிந்ததும் அதைப் பார்க்க நானும் எதிர்வீட்டு அங்கம்மாவும் போயாக வேண்டும். போகாவிட்டால் அவளே தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

பம்பு ஸ்டவ் வந்தது. அவள் காற்றடித்துப் பற்றவைத்ததும் அது போட்ட சத்தத்தில் அங்கம்மா எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"இன்னாடி இது, ஸ்டவ்வா ரயில் இஞ்சினா? ஆவடி வரிக்கும் போவுமா?"

"நீங்க ஏறி குந்துங்கக்கா, போவுதா பாப்போம்" என்று கன்னியம்மாள் சிரித்தாள்.

பிறகு ஒரு அடுக்குக் குக்கர் வந்தது. கீழே கரியைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய் வந்தால் சோறும் பருப்பும் தாமாகவே வெந்திருக்குமாம். அவை வேகும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் கூச்சப்படும் போலிருக்கிறது. அதன் பிறகு முட்டை அடிக்கிற சக்கரம். அதில் அவள் மோர் கடைந்தாள். மோர் சுவரில்தான் அதிகம் இருந்தது. நான் எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். அந்த வீட்டில் என்னிடம் இல்லாதது நிறைய இருந்தது. ரசம் மட்டும்தான் அங்கே இல்லாதது.

ஒரு நாள் அவள் அழுதுகொண்டு பின்வாசல் வழியாக ஓடி வந்தாள்.

"அக்கா, சொம்பு உருகிப் பூடுச்சிக்கா. ஸ்டவ்வு மேல வெச்சிட்டு புளி கரைக்கத் திரும்பினேன், அதுக்குள்ள ஒழுவிப் பூடுச்சி. அம்மா ஊட்ல குடுத்த சீர் சொம்புக்கா. மாமியா வந்தா இன்னா சொல்லுவேன்?"

ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது. புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும். இது எங்கள் பக்கத்தில் பாவாடை கட்டுகிற குழந்தைக்கே தெரியும். ஆனால் விறகடுப்பில் ஒரு நிமிஷம் மறந்தாலும் சொம்பு தப்பும், அந்தச் சீமை நெருப்பில் தப்பாது. நான் அவளைத் திட்டவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தேன். உருகின கட்டியை எடுத்து வா, யாருக்கும் தெரியாமல் அதே மாதிரி அடித்து வாங்கித் தருகிறேன் என்றேன். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

பூந்தமல்லியில் பாத்திரம் அடிக்கிற சாதுல்லா பாயிடம் போனேன். அவர் கட்டியைச் சுரண்டிப் பார்த்தார்.

"நல்ல வெள்ளீயம்மா இது. இதையே அடிச்சித் தரேன்."

வேண்டாம் பாய், இதே அளவில் காரீயத்தில் ஒரு சொம்பு அடித்துக்கொடுங்கள் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"காரீயத்துல எதுக்கும்மா சொம்பு?"

"துணிக்கு நீலம் கரைக்க."

"நீலம் கரைச்சிக்கங்க. புளி கிளி பட்டுடப் போவுது. வெசம்."

அவர் நல்ல மனுஷர். அவரை நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டாம். வெள்ளீயக் கட்டியை வீணாக்காமல் அதில் எனக்கு ஒரு கிண்ணம் அடித்துக்கொண்டேன். இதோ இருக்கிறது, உப்பு போட்டு வைத்திருக்கிறேன்.

கன்னியம்மாள் சொம்பை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள். "கனமா கீதேக்கா. கை வேற கருக்குது" என்றாள். புதுசு அப்படித்தான் இருக்கும், பழகினால் போய்விடும் என்றேன். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அப்போது எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ரசம் கசக்கட்டும், குடித்தவர்களுக்கு வயிறு கலங்கட்டும், குக்கரும் சக்கரமும் போதும் என்று ரசத்தை என்னிடமே விட்டுவிடட்டும் என்றுதான் நினைத்தேன். அநியாயத்தைப் பாருங்கள், ரசம் இனித்தது. காரீயத்தில் புளி கொதித்தால் ஒரு தித்திப்பு இறங்குமாம். அதை சாதுல்லா பாய் எனக்குச் சொல்லவில்லை. தெருவே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றது. அங்கம்மா தன் பேரன் காதுகுத்துக்கு அவளைக் கூப்பிட்டாள். என்னை வாழைக்காய் நறுக்கச் சொன்னாள்.

நன்றி மறவாத பெண் அல்லவா, கன்னியம்மாள் தினமும் எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் ரசம் அனுப்பினாள். என் வீட்டுக்காரர் முதல் வாய் குடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த இனிப்பு உனுக்கு ஏன்டி வரல?"

அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்? குடிக்காதீர்கள் என்றால் ஏன் என்பார். காரணத்தைச் சொல்ல முடியாது. சொல்லாவிட்டால் பொறாமையில் தடுக்கிறாள் என்பார். அந்தப் பேச்சைக் கேட்பதைவிட இன்னொரு டம்ளர் ஊற்றிவிடுவது சுலபமாக இருந்தது.

கன்னியம்மாளுக்கு வயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. கருத்தரித்தாள், தங்கவில்லை. மறுபடியும் தரித்தாள், அதுவும் தங்கவில்லை. நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன். தலையில் எண்ணெய் வைத்தேன், கஷாயம் போட்டுக் கொடுத்தேன். "நீ எனக்கு அம்மா மாரிக்கா" என்று என் மடியில் படுத்து அழுதாள். நானும் அழுதேன், பொய்யில்லை. ஆடி பிறந்ததும் செத்துப்போய்விட்டாள்.

மணவாளன் வீட்டைக் காலி செய்தபோது ஸ்டவ்வை அங்கம்மாவுக்குக் கொடுத்தான். சொம்பை என்னிடம் நீட்டி, "அவுளுக்கு உங்க மேல உசுருக்கா. நீங்களே வெச்சிக்கங்க" என்றான்.

அன்று அதைக் கிணற்றில் போட்டிருக்கலாம் என்று உங்கள் முகம் சொல்கிறது. நானும் போடத்தான் எடுத்துப் போனேன். தெருவே குடிக்கிற தண்ணீர் ஐயா, அதில் விஷத்தைப் போட எனக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்காரருக்கு அதற்குள் வயிற்றுவலி வந்திருந்தது. என் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளிவைத்தார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கன்னியம்மாள் சொம்பை அலம்பி அடுப்பில் வைத்தேன். குடித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்பதான்டி உனுக்குக் கை வந்துகீது."

அந்தச் சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்லுவேன்? தினமும் அதிலேயே வைத்தேன். நான் மட்டும் மோர் ஊற்றிக்கொண்டேன். அவருக்கு மணிக்கட்டு தொங்கிப்போய் டம்ளரைப் பிடிக்க முடியாமல் ஆனபோது, நானே வாயில் ஊற்றினேன். கடைசி வரைக்கும் ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை. ஈறில் நீலக்கோடு இருக்கிறது, காரீய விஷம் என்று பூந்தமல்லி டாக்டர் சொன்னது பிணத்தைப் பார்த்துத்தான்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். சொம்பு அடிக்கச் சொன்னது நான், கொடுத்தது நான், ஊற்றியதும் நான். உங்கள் சட்டத்தில் இதற்கு என்ன பெயரோ அதையே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ரைட்டர் ஐயா மட்டும் பொறாமையால் என்று எழுதியிருக்கிறார் போலிருக்கிறது. அதை அடித்துவிடச் சொல்லுங்கள். தெருவில் நாலு பேர் படித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?