ஒற்றைத் தண்டவாளம்

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த பிறகு ஒருநாள், மலாக்காவின் காஜா பேராங்கில் தம்பின் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பின்னால் இருவர் ஒரு பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மச்சான், அமெரிக்காவுல ஒத்தத் தண்டவாளத்துல ரயில் ஓடுது! பிள்ளைங்க விளையாடுற பார்க்குல.”

“கவுந்துடாதா?”

“தண்டவாளத்தக் கட்டிப்பிடிச்சு ஓடுதாம். இன்னொரு எடத்துல அடியில தொங்கிக்கிட்டே போவுதாம் லா!”

“வௌவால் மாதிரியா!”

“தண்டவாளமும் ஒரே அளவு இல்ல. ஒரு எடத்துல ஒரு முழ அகலம், இன்னொரு எடத்துல ரெண்டு முழம். இதுல ஓடுற ரயிலு அதுல ஏறாதாம்.”

“அம்மாடி!”

மச்சான் பத்திரிகையிலிருந்த ரயில் படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

“சண்டக் காலத்துல ஜப்பான்காரன் நம்ம மலாக்கா தண்டவாளம் ரெண்டையும் பேத்து, சயாமுல ரயில் ரோடு போடக் கொண்டுபோனானே... ஒண்ணையாவது விட்டுட்டுப் போயிருக்கலாம்.”