படத்துக்குக் கட்டிய மாலை

சார், கோப்பியில சீனி கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குடிச்சிடுறேன். நீங்க மாலையைப் பத்திக் கேட்டீங்க. அதை மட்டும் தனியாச் சொன்னா என்னைத் தப்பா நினைப்பீங்க. அதனால கொஞ்சம் முன்னாலயிருந்தே வர்றேன்.

படம் எடுக்கிறது எனக்குப் பொழைப்பு இல்லை. பொழைப்பு கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவுல, பேக்டரியில மெஷின் பார்க்கிற வேலை. லீவு கிடைச்சா கேமராவைத் தூக்கிக்கிட்டு யான்ங்கிற ஊர்ப் பக்கம் போயிடுவேன். ஜெராய் மலை அடிவாரத்துல வயல் மஞ்சளாகிற நேரம் இருக்கே, அதுக்கு ஈடே இல்லை. அங்க உள்ளவங்க என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க, இதுல என்னாத்தைக் கண்டான்னு. அப்பத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சது. தினம் புழங்குற இடத்தை யாரும் பார்க்கிறதில்லை. காலு தானாப் போகும், கண்ணு கூடப் போகாது. வெளியாளுதான் பார்ப்பான்.

இன்னொண்ணு. எங்க கேமரா கிளப்புல சிலர் கம்ப்யூட்டர்ல வச்சு வானத்தையே மாத்திடுவாங்க. நான் அந்தப் பொய்க்குப் போறதில்லை. வாளி ஒண்ணு இடைஞ்சலா நின்னா, ஒரு சாண் நகர்த்தி வைப்பேன். அவ்வளவுதான். ஒரு சாணுல எவ்வளவோ மாறிடும் சார்.

யான்ல ராமையான்னு ஒருத்தரு, ஆடு வளர்க்கிறவரு. அவரைப் படம் எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். வாங்கி அலமாரிக்குள்ள வச்சுட்டாரு. கொஞ்ச நாள்ல நெஞ்சுவலி வந்து போயிட்டாரு. அதுல எனக்குச் சம்பந்தம் இல்லை, நீங்க நல்லா விசாரிச்சுக்கலாம். சாவு வீட்டுக்குப் போனா, நடுக்கூடத்துல என் படம். சந்தனப் பொட்டு, விளக்கு, மாலை. வந்தவங்க எல்லாம் படத்தைப் பார்த்துத்தான் அழுதாங்க, பெட்டியில கிடந்தவரைப் பார்த்து இல்லை. கண்காட்சியில என் படத்துக்கு முன்னால எவனும் ஒரு கொட்டாவி விடுற நேரம்கூட நின்னதில்லை. இங்க ஒரு அம்மா உட்கார்ந்தவங்க எழுந்திருக்கவே இல்லை. எனக்கு ஒரே ஒரு குறைதான். மாலை பிளாஸ்டிக்.

வாசுகி எங்க பேக்டரியில வேலை செய்ற பொண்ணு. அம்மா புஷ்பவள்ளியோட குருண் பக்கத்து ரப்பர் தோட்டத்துல இருக்கு. அம்மாவுக்கு ஒரு நல்ல படம்கூட இல்லைன்னு என்னைக் கூட்டிக்கிட்டுப் போச்சு. அந்த அம்மாவை நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன். அக்கா ரப்பர் மரத்துல பால்வெட்டுற வேலையில இருந்து ஓய்வானவங்க. நல்ல வாய்த்துடுக்கு. ஐசி அட்டையில, அதான் அடையாள அட்டையில, இருக்கிற மூஞ்சியை மாட்டினா எழவுக்கு வந்தவன் ஓடிப்போயிடுவான்லான்னு சொல்லிச் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சு, அடுப்பைத் திரும்பிப் பார்த்தாங்க பாருங்க, அப்ப எடுத்தேன். பக்கவாட்டு வெளிச்சம், கண்ணுல இன்னும் அந்தச் சிரிப்போட மிச்சம். அந்த மாதிரிப் படம் ஒருத்தனுக்கு ஒரு தடவைதான் அமையும்.

பெருசாப் போட்டு, கறுப்புச் சட்டம் மாட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா கண் கலங்கிட்டாங்க. அப்புறம் புடவையில சுத்தி அலமாரிக்குள்ள வச்சுட்டாங்க. சுவத்துல மாட்டுங்கக்கான்னு எத்தனையோ தடவை சொன்னேன். கேக்கலை.

"உயிரோட இருக்கிறவ படத்தைத் தனியா மாட்டினா ஆயுசு குறையும் தம்பி. நான் போனப்புறம் மாட்டட்டும். நீ ஏன் அவசரப்படுறே?"

நான் அவசரப்படலை சார். பொறுமையாத்தான் இருந்தேன். போறப்பல்லாம் படத்தை ஒரு தடவை எடுத்துக் காட்டச் சொல்வேன். போன மழைக்குப் பிறகு பார்த்தா, ஓரத்துல பூஞ்சை. கன்னத்துப் பக்கமா ஏறிக்கிட்டு இருக்கு. அக்கா அன்னைக்கு ரொம்பச் சந்தோஷமா இருந்தாங்க. சீனி வியாதி கட்டுக்குள்ள இருக்கு, இன்னும் இருபது வருஷத்துக்குக் குறையில்லைன்னு டாக்டர் சொன்னாராம். நான் அந்தப் பூஞ்சையைத்தான் துடைச்சுக்கிட்டு இருந்தேன். இருபது வருஷம் அந்த ஈரத்துல இருந்தா அந்த முகத்துல என்ன மிஞ்சும்? இன்னொரு பிரதி போட்டா ஆகாதான்னு நீங்க கேட்கலாம். பிரதி போடலாம். அதுவும் அலமாரிக்குத்தானே போகும்?

அவங்க வீட்டுப் பின்னால ஆழமான சிமிண்டு வாய்க்கால் ஓடுது. மேல ஒரு பலகை. அக்கா தினம் காலையில அதைத் தாண்டித்தான் கங்கோங் கீரை பறிக்கப் போவாங்க. ஒரு நாள்கூடக் கீழே குனிஞ்சு பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கிட்டே போவேன்லான்னு என்கிட்டயே பெருமை அடிச்சிருக்காங்க.

மாலைக்கு வர்றேன். நல்ல பூ வேணும்னா முந்தின நாளே சொல்லி வைக்கணும். சுங்கைப்பட்டாணியில பிரேமாவதி பூக்கடை. சாமிக்கா, மாப்பிள்ளைக்கா, படத்துக்கான்னு கேட்டாங்க. மூணுக்கும் கட்டுற விதம் வேற. படத்துக்குன்னு சொன்னேன், சட்டத்தோட அளவையும் கொடுத்தேன். கறுப்புச் சட்டத்துக்கு வெள்ளைச் சம்பங்கிதான் எடுக்கும். அந்தப் பூக்கடை அம்மா உங்ககிட்ட சொன்னது நிஜம். வியாழக்கிழமை சாயங்காலம்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில வாசுகி போன் பண்ற வரைக்கும் நான் பேசாம இருந்திருக்கணும். அது எனக்கே தெரியும். ஆனா கடையில வாங்கின பூ கார்ல இருக்கு, வெயில் ஏறுது. வாடிப்போன மாலையை அந்தப் படத்துக்குப் போட எனக்கு மனசு வரலை. நேராப் போயிட்டேன். பக்கத்து வீட்டு முனியாண்டி அப்பத்தான் அக்காவை வாய்க்கால்ல இருந்து தூக்கிப் படுக்க வச்சிருக்காரு. தலையில அடி. இன்னும் யாருக்கும் சொல்லக்கூட இல்லை. வாசுகி என்னைப் பார்த்துச்சு, அப்புறம் மாலையைப் பார்த்துச்சு.

"அண்ணே, உங்களுக்கு யாரு சொன்னா?"

என் நாக்குல சனி. மனசுல பட்டுச்சும்மான்னு சொன்னேன். அப்பவும் அந்தப் பொண்ணு படத்தை எடுத்துக் கொடுத்துச்சு. நானே மாட்டினேன். பொட்டு வச்சு, மாலை போட்டேன். கொஞ்ச நேரத்துல ஒவ்வொருத்தரா வந்தாங்க, படத்தைப் பார்த்தாங்க, கதறினாங்க. நானும் அழுதேன் சார். அது பொய்யில்லை.

நீங்க எழுதிக்கலாம். வியாழக்கிழமை நைட் ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போகலை, பூக்கடைக்கு முன்னால தோட்டத்துக்குப் போனேன். அக்கா கீரை பறிக்கக் கிளம்புறதுக்கு முன்னால அந்த வாய்க்கால் பலகையை நான்தான் நகர்த்தினேன். ஒரு சாண், அதுக்கு மேல இல்லை. அவங்க மேல என் விரல்கூடப் படலை.

எனக்கு வருத்தம் ஒண்ணே ஒண்ணுதான். நேத்து உங்க ஆளு ஒருத்தர் சொன்னாரு. வாசுகி என் படத்தைக் கழட்டிப் போட்டுடுச்சாம். போன்ல எடுத்த ஏதோ ஒண்ணை மாட்டியிருக்காம், முகம்கூடச் சரியாத் தெரியலையாம். நீங்க சொன்னா அது கேக்கும், ஒரு வார்த்தை சொல்லுங்க சார். இல்லேன்னா, பாவம், அக்கா செத்ததே வீணாப் போயிடும்.